மேடைப் பேச்சில் ஆராய்ச்சி: மலைமேல் இருந்துகொண்டு முடியுமா?

கட்டபெட்டு | மே 18, இரவு 9.12

எம்.ஏ. தமிழ் இந்த வருடம் முடிகிறது. அரசியல் மேடைப் பேச்சில் பிஎச்.டி. செய்துவிட்டு, பிறகு பேச்சுக்கலை, தொடர்பியல் பாடம் நடத்தலாம் என்று எண்ணம். எனக்குக் கிடைத்த அறிவுரை: "அதற்கென்று துறையே கிடையாது. சென்னை, மதுரையில் இருப்பவனுக்குக் கூட்டம் கிடைக்கும். நீலகிரியில் உட்கார்ந்து எதை ஆராய்வாய்?" யோசித்துப் பார்த்தால் சரி என்றே படுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முன்வரிசை | மே 18, இரவு 10.40

பாதி சரி. பேச்சுக்கலை என்று பெயர்ப்பலகை மாட்டிய துறையை இங்கே தேடி அலைய வேண்டாம். அமெரிக்காவில் அது இருப்பதற்கே ஒரு சண்டைதான் காரணம். 1914 நவம்பரில் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து 17 பேச்சாசிரியர்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் வைத்தார்கள். 1915-ல் தனி ஆய்விதழ் வந்தது. அங்கே அரசியல் பேச்சை ஆராய்கிறவரே முதலாண்டு மாணவருக்கு மேடையில் நிற்கவும் கற்றுக்கொடுப்பது அந்த வழியில் வந்த பழக்கம். நம்மிடம் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. பேச்சு தமிழ்த் துறையில் இலக்கியமாக, இதழியலில் ஊடகமாக, அரசியல் அறிவியலில் தேர்தலாக மூன்று வீட்டில் வளர்கிற பிள்ளை. எந்த வீட்டு வாசல் வழியாக நுழைவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேலை அந்த வாசலில்தான் கிடைக்கும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வில் பாட எண்கள்: தமிழ் 26, அரசியல் அறிவியல் 02, மொழியியல் 31, இதழியல் 63. உங்களுக்கு 26. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் விடாமல் போடுங்கள். உதவித்தொகையோடு தேறினால் மாதம் 31,000.

மூஞ்சிக்கல் | மே 18, இரவு 11.02

31,000 பழைய கணக்கு சார். 2023 ஜனவரியிலிருந்து 37,000. இரண்டு ஆண்டு கழித்து 42,000. கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவு மூன்று பிரிவாக வருகிறது. மூன்றாவது பிரிவு பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும், அதுவும் ஓராண்டுக்கு. சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30. "நெட் பாஸ்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு எந்தப் பிரிவு என்று பார்க்காமல் ஓராண்டைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய.

முன்வரிசை | மே 19, காலை 6.50

37,000-ஐ ஒப்புக்கொள்கிறேன்.

இனி "மலைமேல் எதை ஆராய்வாய்" என்பதற்கு வருவோம். அந்த அறிவுரையில் தப்பு இருப்பது இங்கேதான்.

நீலகிரி மக்களவைத் தொகுதியை எடுங்கள். ஆறு சட்டமன்றத் தொகுதி. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் மேலே. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. ஒரே வேட்பாளர், ஒரே சின்னம், ஒரே மூன்று வாரம். மேலே பசுந்தேயிலை விலை, யானை, குடியிருப்புப் பட்டா. கீழே அத்திக்கடவு தண்ணீர், விசைத்தறி. ஒப்பாய்வுக்கு இப்படி ஒரு அமைப்பை நீங்களே திட்டம் போட்டாலும் உண்டாக்க முடியாது. கூடலூர் காந்தி திடலில் மலையாளம் கலக்கும். கோத்தகிரிப் பக்கம் முதல் இரண்டு வாக்கியம் படுகர்களின் மொழியான படுகு, பிறகு தமிழ். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகக் குடியிருப்புகளில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் முன்னால், பேச்சு வேறு சுருதிக்குப் போகும். பேச்சாளர் எந்த வளைவில் மொழியை மாற்றுகிறார், எந்த வாக்கியத்துக்காக மாற்றுகிறார் என்பதே ஓர் ஆய்வு. மெரினாவில் அது கிடைக்காது.

கொடைக்கானலும் அப்படித்தான். பழனிச் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. மேலே பேசியதைக் கீழே பேசமாட்டார்கள்.

தலைவர்களின் தொகுப்பு நூல்களை வைத்து ஏற்கெனவே எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் "மேடைப் பேச்சு", "மேடைப்பேச்சு", "சொற்பொழிவு" என்று மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். ஒட்டியும் பிரித்தும் தேடாவிட்டால் பாதி வராது. ஒன்றியச் செயலாளர் பேச்சை ஒலியோடு ஆராய்ந்ததைத் தேடுங்கள், அங்கேதான் இடம் காலியாகத் தெரியும்.

கட்டபெட்டு | மே 19, காலை 8.15

ஒன்றியச் செயலாளர் பேச்சில் என்ன சார் இருக்கும்? பாதி நேரம் "அவர்களே, அவர்களே" என்று பெயர் வாசிப்பார்.

முன்வரிசை | மே 19, காலை 8.31

அந்தப் பெயர் வாசிப்பைத்தான் வெட்டாமல் பதிவு செய்யுங்கள். எல்லோரும் வெட்டி எறிகிற பகுதி அது. விளி என்று தனிப் பட்டியல் போடுங்கள். ஐந்து கட்டம்: யார், என்ன பதவி, முன்னால் என்ன அடைமொழி, எத்தனையாவது, எத்தனை விநாடி. பத்துக் கூட்டம் சேர்ந்ததும் மாவட்டக் கட்சிக்குள் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று செய்தித்தாளுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். "செயல்வீரர்" என்று மட்டும் சொல்லித் தாண்டப்படுகிறவர் கதை முடிந்தது என்று அர்த்தம். (இதைக் கட்டுரையில் இந்த மாதிரி எழுதாதீர்கள்.)

பெர்னார்ட் பேட் என்ற மானிடவியலாளர் 1990-களில் மதுரையில் இருந்து செய்த வேலையைப் படித்துவிட்டு இறங்குங்கள். 2009-ல் நூலாக வந்தது. மேடையில் செந்தமிழ் பேசுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் போலத் தோன்றினாலும் அது இருபதாம் நூற்றாண்டில் உண்டான புதுமை என்பது அவர் வாதத்தின் அச்சாணி. பெரியார் கடைசிவரை கொச்சையில் பேசினார், காமராசர் வீட்டுத் தமிழில் பேசினார், அண்ணா அடுக்கினார். மூன்றும் ஒரே காலத்தில் ஓடியவை.

மூஞ்சிக்கல் | மே 19, பிற்பகல் 1.20

பத்து மணி விதியையும் சொல்லுங்கள் சார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. தலைமைப் பேச்சாளர் 9.40-க்கு வந்து சேர்ந்தால் இருபது நிமிடம். அப்போது எதை வெட்டுகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று பார்த்தாலே பேச்சின் எலும்புக்கூடு தெரியும். வேன் மேல் நின்று பேசுவதும் அப்படித்தான், ஒரு நிறுத்தத்துக்கு ஏழெட்டு நிமிடம்.

முன்வரிசை | மே 20, இரவு 9.05

பதிவு செய்வது பற்றிக் கட்டபெட்டு தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன்.

இரண்டு கருவி வேண்டும். ஒன்று ஒலிபெருக்கிக்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரடி வயரில். இதில் பேச்சாளர் குரல் துல்லியமாக வரும், ஆனால் கூட்டமே இருக்காது. கைதட்டலே இல்லாத பேச்சு மாதிரி கேட்கும். இன்னொன்று கூட்டத்துக்கு நடுவில், தலைக்கு மேல் உயரத்தில். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு வருந்துகிறவர்கள் அதிகம்.

வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு 5 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல், மணிக்குச் சுமார் 320 எம்.பி. வாட்ஸாப்பில் வாங்கிய ஒலியை வைத்து நிறுத்தங்களை அளக்காதீர்கள். முக்கியமாக, தானாக ஒலியளவு கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது கைதட்டலை அமுக்கி, நிசப்தத்தை உப்ப வைக்கும். பிறகு எந்தக் கைதட்டல் பெரிது என்று எப்படிச் சொல்வீர்கள்? காற்றுக்குப் பஞ்சு உறை. சாரலுக்குப் பிளாஸ்டிக் பை போடாதீர்கள், சரசரப்பு முழுப் பதிவையும் தின்றுவிடும். குடைக்காரர் பக்கத்தில் நில்லுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி ஒரு ஜோடி சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

மலைக்கே உரிய தொல்லை ஒன்று: எதிர்ச்சரிவு. 170 மீட்டர் தள்ளி மேடு இருந்தால் கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் ஒரு விநாடி கழித்துத் திரும்பி வரும். பேச்சாளர் விட்ட நிறுத்தத்துக்குள் அவர் குரலே வந்து விழும். பழகிய உள்ளூர்ப் பேச்சாளர் அதற்கேற்ப மெதுவாகப் பேசுவார். வெளியூர்க்காரர் தடுமாறுவார். இதை நடை வேறுபாடு என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவும் அதே கூட்டத்தைப் பதிவு செய்யும். நீங்கள் யார் ஆள் என்று இரண்டு பக்கமும் சந்தேகம் வரும். பொதுக்கூட்டம் பொதுவானது, ஆனால் உங்கள் கருவிக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசும் வீட்டுக்கதை பொதுவானது அல்ல. அந்தத் துண்டுகளை மௌனமாக்கிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

கட்டபெட்டு | மே 20, இரவு 10.30

எழுத்தில் பெயர்க்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?

முன்வரிசை | மே 21, காலை 7.10

வெறும் சொல் மட்டும் என்றால் ஒரு மணிப் பேச்சுக்கு ஆறிலிருந்து எட்டு மணி. நிறுத்தம், குரல் ஏற்றம், கைதட்டல் எல்லாம் குறித்தால் ஒரு நிமிடத்துக்கே அரை மணிக்கு மேல். அதனால் முழுப் பேச்சையும் நுணுக்கமாகப் பெயர்க்காதீர்கள். முழுவதையும் சொல்லளவில், கைதட்டல் விழுந்த இடத்துக்கு முன்பின் அரை நிமிடத்தை மட்டும் நுணுக்கமாக.

ஈலான் இலவச மென்பொருள். ஒரே காலக்கோட்டில் பல அடுக்கு போடலாம்: பேச்சாளர், மேடையில் இருப்பவர், முன்வரிசைத் தொண்டர், பின்கூட்டம், மொழிபெயர்ப்பாளர். முன்வரிசையையும் பின்கூட்டத்தையும் ஒரே அடுக்கில் போட்டால் ஆய்வு கெட்டது. முன்வரிசை கைதட்டுவது கடமை, பின்கூட்டம் கைதட்டுவது செய்தி. (என் புனைபெயரைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.) நிறுத்தம், சுருதி அளக்க ப்ராத் என்ற மென்பொருள்.

எப்படி இருக்கும் என்று காட்ட, வகுப்புக்காகக் கட்டிய ஒரு துண்டு. யாரும் பேசியது அல்ல. அடைப்புக்குள் விநாடி:

இலைக்கு விலை கேட்டோம் (0.6) கொடுக்கவில்லை (1.1)
மானியம் கேட்டோம் (0.6) கொடுக்கவில்லை (1.1)
இப்போது ஓட்டு (0.9) கேட்டு வருகிறார்கள் (0.4) கொடுப்போமா?

இரண்டு முறை ஒரே வார்ப்பு, மூன்றாவதில் முறிப்பு. இது உலகம் முழுக்க உள்ள உத்தி. 1981 பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளில் 476 பேச்சுகளை ஹெரிடேஜ், கிரேட்பாட்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முரண், மும்மடி அடுக்கு, புதிர் போட்டு விடுவித்தல் முதலான ஏழு வடிவங்களுக்குள் மூன்றில் இரண்டு பங்குக் கைதட்டல் அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஏழு வடிவங்களை அப்படியே தமிழில் ஒட்டவைத்தால் நம்முடையது தப்பிவிடும். மேலே உள்ள துண்டில் "நாங்கள்", "அவர்கள்" என்ற சொல்லே இல்லை. முன்பு கேட்டவர் யார், இப்போது கேட்டு வருகிறவர் யார், இனிக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதையெல்லாம் வினைமுற்று விகுதியே சுமக்கிறது. "ஓம்" "ஆர்கள்" ஆனதும் கேட்பவரும் கொடுப்பவரும் இடம் மாறிவிட்டார்கள். அதோடு தமிழில் வினை கடைசியில் வருகிறது, அதனால் வாக்கியம் முடியும் கணம்வரை தீர்ப்பை ஒளித்துவைக்கலாம். "ஓட்டு" என்ற சொல்லுக்குப் பின்னுள்ள 0.9 அதற்குத்தான். அதை 1.5 ஆக்கிப் பாருங்கள், கூட்டத்தில் ஒருவன் "போடமாட்டோம்" என்று முந்திக்கொண்டு கத்துவான், உங்கள் கடைசி வரி செத்துவிடும்.

முன்வரிசை | மே 21, இரவு 8.00

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். கைதட்டல் என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஆங்கில ஆய்வுகளில் அது போதும், எட்டு விநாடி வாக்கில் ஓய்ந்துவிடும் என்ற கணக்கும் உண்டு. நம்மூரில் விசில், "வாழ்க", பட்டாசு, மேளம் என்று நான்கு வேறு. மேளத்துக்குக் கால அளவே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு.

மூஞ்சிக்கல் | மே 22, மாலை 5.45

சட்டமன்றப் பதிவேட்டில் பேரவை எழுத்தர்களே போட்டிருக்கிறார்களே, (மேசையைத் தட்டும் ஒலி), (குறுக்கீடு) என்று. நமக்கு முன்னோடி அவர்கள்தான். ஆனால் அச்சுப் பிரதியை நம்பி நடை பற்றிப் பேசக்கூடாது. தொகுப்பு நூலில் வரும் பேச்சு யாரோ இலக்கணம் திருத்தியது. ஒலி கிடைக்கும் ஒரு பேச்சையும் அதன் அச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திரும்பச் சொன்னதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

முன்வரிசை | மே 22, இரவு 9.30

அருமையான இடம். நன்னூல் பத்துக் குற்றம் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல்... அது நூலுக்கு. கூறியது கூறல் ஏட்டில் குற்றம், மேடையில் அதுதான் முதுகெலும்பு. காதால் கேட்பவன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. மிகைபடக் கூறலும் அப்படி. பதிப்பாசிரியர் நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டியதைத்தான் நாம் "அண்ணாவின் நடை" என்று ஆராய்ந்துகொண்டிருக்கலாம். "மற்றொன்று விரித்தல்" மட்டும் இரண்டிடத்திலும் குற்றம். இந்த இழையிலும்.

விரிக்கிறேன், மன்னிக்கவும். பழைய பேச்சுகள் நமக்குக் கிடைத்த வழி வேடிக்கையானது. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியதைப் போலீஸ்காரர்கள் குறிப்பெடுத்தார்கள், ராஜத்துரோக வழக்குக்காக. பேசியவரை உள்ளே தள்ள எழுதியதே இன்று நமக்கு மூலம். அந்த 124ஏ பிரிவு 1870-ல் சட்டத்தில் நுழைந்தது, ஆனால் அதன் முதல் வரைவு 1837-ல் மெக்காலே குழு எழுதியது. அதே மெக்காலே 1834-ல் இந்தியாவில் இறங்கியதும் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க வந்து தங்கியது ஊட்டியில். மலைக்கும் மேடைக்கும் சம்பந்தமில்லை என்றவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை, டீக்கடையில் உண்டு.

கட்டபெட்டு | மே 23, காலை 7.40

பாடம் நடத்துவது பற்றி யாரும் சொல்லவில்லையே. திருக்குறளில் சொல்வன்மை, அவை அஞ்சாமை இரண்டும் வைத்துத் தொடங்கலாமா?

முன்வரிசை | மே 23, காலை 8.02

தொடங்கலாம். 65, 72 அதிகாரங்கள்.

மூஞ்சிக்கல் | மே 23, காலை 8.09

72 அவை அறிதல் சார். அவை அஞ்சாமை 73. முதலில் அவையை அறி, அப்புறம் அஞ்சாமல் இரு. வரிசையை மாற்றினால் மேடையில் அடி விழும்.

முன்வரிசை | மே 23, காலை 8.11

விழுந்தது.

மூஞ்சிக்கல் | மே 23, இரவு 9.50

வகுப்புக் கணக்கு இது தம்பி. 40 பேர், ஆளுக்கு 3 நிமிடப் பேச்சு, 2 நிமிடக் கருத்து என்றால் 200 நிமிடம், 50 நிமிட வகுப்பில் நான்கு. வாரம் நான்கு வகுப்பு உள்ள பாடமென்றால் ஒரு பயிற்சி ஒரு வாரத்தை விழுங்கும். பருவத்துக்கு ஐந்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். கருத்து சொல்லும் இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், அதை விட்டால் பாடமே இல்லை.

முதல் தடை, பள்ளிப் பேச்சுப்போட்டி. 180 விநாடியில் 40 விநாடி நடுவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கத்தில் போய்விடும். முதல் 15 விநாடிக்குள் என்ன கேட்கிறாய் என்பது வந்தாக வேண்டும் என்று ஒரே விதி போடுங்கள். அடுத்து, தன் பேச்சில் 60 விநாடியைத் தானே எழுத்தில் பெயர்க்க வேண்டும். "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா" எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். நாம் சொன்னால் கோபம் வரும், தானே எண்ணினால் சிரிப்பு வரும்.

மலை வகுப்பில் பெரிய சிக்கல் வேறு. வீட்டில் படுகோ மலையாளமோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் "என் தமிழ் சுத்தமில்லை" என்று கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் இரண்டு மூன்று மொழி இருக்கிறது, மற்றவர்களிடம் ஒன்றுதான். ஒரே விஷயத்தை மூன்று இடத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள்: தன் ஹட்டியில் (படுகர் ஊர்) வீட்டு மொழியில், பஸ் ஸ்டாண்டில் தமிழில், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பக்க மனுவாக. மூன்றிலும் எது மாறியது என்று எழுதுவதுதான் மதிப்பெண். மனுவில் கோரிக்கை முதல் பத்தியில், சர்வே எண்ணோ ரேஷன் அட்டை எண்ணோ பொருள் வரியிலேயே. மூன்றாம் பக்கத்தில் கோரிக்கை வைத்தால் அதை யாரும் படிக்கப் போவதில்லை.

முன்வரிசை | மே 24, காலை 6.30

படுகு பேச்சைத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பவர்கள் கவனிக்க: க, ட, ப-வில் வல்லோசை மெல்லோசை வேறுபாடு (ka/ga, pa/ba மாதிரி) தமிழ் எழுத்தில் தொலைந்துவிடும். மொழியியலாளர் எமனோ 1939-லேயே படுகு உயிரொலிகள் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார், நாவை வளைத்து ஒலிக்கும் உயிர்கள் அதில் உண்டு. பன்னாட்டு ஒலிக்குறியில் எழுதுங்கள், ஹட்டி ஆள் ஒருவரை உட்கார வைத்துச் சரிபாருங்கள்.

சொல் எண்ணிக்கைக்கு ஆன்ட்காங்க் மென்பொருள் போடுகிறவர்கள், சொல் எது என்ற அமைப்பில் எழுத்தோடு துணைக்குறி வகையையும் சேர்க்காவிட்டால் "கொடுப்போமா" ஐந்து துண்டாக உடையும். பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு "கொ" ஒரே உயிர்க்குறியாக இருக்கிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், எண்ணும்போது இரண்டு சொல்லாகும். வேற்றுமை உருபுக்காக "மக்க*" என்று தேட வேண்டும்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை தொல்லையில்லை. 10-லிருந்து 40 வந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். பேச்சுப் பெயர்ப்பைப் பின்னிணைப்பில் போடுங்கள். உடம்புப் பகுதியில் நீளமாகப் போட்டால் மேற்கோள் குறி விட்டுப்போன ஒரு பக்கமே எண்ணை ஏற்றிவிடும்.

கட்டபெட்டு | ஜூன் 15, இரவு 10.20

கோத்தகிரி காமராஜர் சதுக்கத்தில் ஒரு கூட்டத்தை இரண்டு கருவியிலும் பதிவு செய்தேன். 11 கைதட்டல். எல்லாமே பேச்சு முடிந்து 0.4 விநாடிக்கு மேல்தான் தொடங்குகிறது. வாக்கியம் முடியும்போதே கைதட்டல் வந்துவிடும் என்று படித்தேன். நம்மூர்க் கூட்டம் தாமதமா?

முன்வரிசை | ஜூன் 15, இரவு 10.41

குரல் முடிவை எந்தக் கோப்பில் அளந்தீர்கள்?

கட்டபெட்டு | ஜூன் 15, இரவு 10.44

ஆம்ப்ளிஃபயர் கோப்பில். கைதட்டலைக் கூட்டக் கோப்பில். இரண்டையும் கடிகாரம் பார்த்துப் பொருத்தினேன்.

முன்வரிசை | ஜூன் 15, இரவு 10.58

அங்கேதான் பிழை. வயரில் குரல் உடனே போகிறது. கூட்டத்துக்குக் காற்றில் போகிறது, 34 மீட்டருக்கு 0.1 விநாடி. கூட்டம் அதைக் கேட்ட பிறகுதானே கைதட்டும்? இரண்டையும் கூட்டக் கோப்பிலேயே அளந்து பாருங்கள். கடிகாரம் பார்த்துப் பொருத்துவதும் ஆகாது, இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே விநாடியைக் காட்டுவதில்லை. அடுத்த முறை மைக் முன்னால் ஒரு தட்டு தட்டச் சொல்லி, அந்தத் தட்டை வைத்துப் பொருத்துங்கள். கூம்புக்கும் உங்கள் கருவிக்கும் எவ்வளவு தூரம்?

கட்டபெட்டு | ஜூன் 16, காலை 7.25

இப்போதுதான் போய் நடந்து பார்த்தேன். 47 தப்படி.